வானத்தில் ஒரு கடுகு

டிசம்பர் 28

பொள்ளாச்சியில் கிளம்பும்போது சுள்ளென்று வெயில். பர்லியாரில் தூறல். குன்னூரில் முன்னால் போகும் பஸ்ஸின் பின்விளக்குகூடத் தெரியாத மூடுபனி. ஊட்டியில் மறுபடியும் வெயில். செல்போனோ காலையிலிருந்து ‘வானம் தெளிவு’ என்றே சாதிக்கிறது. முப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டியவன் நான். எரிந்த காயிலை மோந்து பார்த்தே, வோல்டேஜ் குறைவால் எரிந்தது என்று சொல்லும் விவசாயி உண்மையில் தண்ணீரில்லாத கிணற்றில் மோட்டாரை ஓடவிட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என்னிடமா ஒரு செல்போன் பொய் சொல்வது?

எமரால்டு அணைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். நானும் என் மனைவி வசந்தாமணியும். எங்கள் ஊர் ஒளிப்படச் சங்கத்தின் இந்த வருஷப் போட்டிக்கு ‘பனிக்கால நிலம்’ என்று தலைப்பு. முதல் பரிசுப் படம் சிவகாசியில் அச்சாகி காலண்டர் அட்டையில் வரும். ஊரில் உள்ள மளிகைக் கடைகளிலெல்லாம் தொங்கும். மூன்று வருஷமாகத் தொங்குவது பல் டாக்டர் கிருபாகரனின் படம். நான் மூன்று வருஷமும் இரண்டாம் பரிசு, ஒரு பிளாஸ்டிக் கேடயம்.

“இந்தத் தடவையும் அந்த டாக்டரு ஜெயிச்சா, இந்தக் கேமராவ வித்துப்போட்டுக் கடையில போயி உக்காந்துக்குவேன். இது சத்தியம் புள்ள” என்று மலை ஏறும்போதே வசந்தாமணியிடம் சொல்லிவிட்டேன்.

“நெசமாவேவா மாமா?” என்றாள்.

அதை ஏன் அத்தனை ஆர்வமாகக் கேட்டாள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 29

நாள் முழுக்கத் தூறல். வசந்தாமணி கொள்ளுப்பருப்புக் கடைந்தாள். லென்ஸில் ஈரம் கோத்துக்கொண்டது.

டிசம்பர் 30

ஜீப் டிரைவர் போஜன், பக்கத்து ஹட்டிக்காரர், படுகர் ஊர். விடியும் முன்பே வந்துவிடுகிறார். எந்த மேட்டில் நின்றால் அணை எப்படித் தெரியும் என்று அத்துப்படியாகச் சொல்கிறார். இவ்வளவு தெரிந்தவர் இதற்கு முன்பு எந்தக் கேமராக்காரனைக் கூட்டி வந்தார்? கேட்டேன். “நெறைய பேர் வருவாங்க சார்” என்றார். பல் டாக்டர் யாராவது வந்தாரா என்றேன். “பல்லெல்லாம் நான் பாக்கறதில்லீங்களே சார்” என்று சிரித்தார். மழுப்பல்.

வசந்தாமணியின் வேலைகள் என்னவென்று எழுதி வைக்கிறேன். யாரும் நாளைக்கு நான் மனைவியைச் சும்மா குளிரில் நிறுத்தினேன் என்று சொல்லக்கூடாது. குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். அதனால் மாற்றுப் பேட்டரிகள் அவள் மடியில், சேலைக்குள் சூடாக இருக்கும். என் விரல் விறைத்துப் போகிறது என்பதால் கார்டு மாற்றுவதும் அவள்தான். சாயங்காலம் படங்களை லேப்டாப்பில் ஏற்றுவதும் அவள்தான். ஃபிளாஸ்க், குடை, ஸ்டூல். ஷட்டரை மட்டும் தொடக்கூடாது.

இன்று மூடுபனி விலகும் விலகும் என்று நின்றோம். எதிர்க் கரையில் ஒற்றை மரம் தலையைக் காட்டியது.

“இப்ப எடுங்க மாமா.”

“சூரியன் வரட்டும் புள்ள.”

“வந்தா இது போயிரும்.”

சூரியன் வந்தது. மரம் வெறும் மரமாக நின்றது. எடுத்துக்கொண்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்கு ஆகாது.

டிசம்பர் 31

காற்று. முக்காலி ஸ்டாண்டே ஆடியது. உறைபனி விழக் காற்றே இருக்கக்கூடாது.

டாக்டர் கிருபாகரன் போன் பண்ணினார். “ஆறுச்சாமிண்ணா, எங்க இருக்கீங்க?”

“பொள்ளாச்சியில, வீட்டுலதான். நீங்க?”

“நானும் கிளினிக்லதாங்கண்ணா.”

நான் பொய் சொன்னேன். அப்படியானால் அவரும் சொல்லியிருப்பார். பின்னால் காற்றுச் சத்தம் கேட்டது. வசந்தாமணி அது ஃபேன் சத்தம் என்கிறாள். டிசம்பரில் எவன் ஃபேன் போடுகிறான்?

கேமராவைத் துடைக்கும்போது பழைய கடுகு ஞாபகம் வந்தது. கேமராவுக்குள் படம் விழுகிற தகட்டில் ஒரு தூசி ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் வானத்தின் வலது மேல் மூலையில் ஒரு கடுகளவு கருப்பாக, வால்போல ஒரு சின்ன இழையோடு விழும். கம்ப்யூட்டரில் அழித்துவிடுவேன். கோயமுத்தூரில் கொடுத்தால் அரை மணியில் சுத்தம் செய்து தருவான். ஆனால் உள்ளே இருக்கிற நல்ல சாமானை மாற்றிவிட்டால்? ரீவைண்டிங் கடைக்காரனுக்குத் தெரியாததா அந்தத் தொழில்? அதனால் கொடுக்கவில்லை.

ஜனவரி 1

விழுந்துவிட்டது! உறைபனி! அணைக்கரைப் புல்வெளி முழுக்கக் கல் உப்பைக் கொட்டி வைத்த மாதிரி. ஒரு காலடி இல்லை, ஒரு மாட்டுக் குளம்பு இல்லை. உறைபனிப் படத்தில் அதுதான் உயிர். ஒரு மிதி பட்டால் பச்சையாகத் தடம் தெரிந்து படம் நாறிவிடும். மேட்டில் ஸ்டாண்டை நட்டேன். வெளிச்ச அளவு வைத்தேன், ஃபோகஸ் வைத்தேன். சூரியன் மலைக்குப் பின்னால் இருந்தது. வந்து ஒளி பட வேண்டியதுதான் பாக்கி.

அப்போது பார்த்துக் கீழே ஓர் எருமை. தோடர் எருமை, வளைந்த கொம்பு, என்னமோ மாமியார் வீட்டுக்கு வருகிற மாதிரி நிதானமாக என் உப்பின் மேல் நடந்து வருகிறது.

“மாமா, வுடுங்க, அதுவும் நல்லாத்தான் இருக்குது” என்றாள் வசந்தாமணி.

நல்லா இருக்குதா! தோளில் இருந்த துண்டை உருவிச் சுழற்றிக்கொண்டு சரிவில் இறங்கி ஓடினேன். “ஹேய்! ஹோ!” என்று கத்தினேன். எருமை நின்று என்னை ஒரு பார்வை பார்த்தது. கால் லேசாக வழுக்கியது. விழவில்லை. துரத்திவிட்டு மூச்சு வாங்க மேலே வந்தபோது மூடுபனி மறுபடி மூடிவிட்டது. நடுவில் ஒரு நிமிஷம் வெயில் அடித்ததாம். அந்த ஒரு நிமிஷம் நான் எருமையோடு இருந்தேன்.

போஜன் ஜீப் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வசந்தாமணி கேமராப் பக்கத்தில் கைகளைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் மட்டும் என்னவோபோல் சிவந்திருந்தது. குளிர்.

தேறின படம் ஒன்றுகூட இல்லை. புது வருஷம் நன்றாகப் பிறந்தது.

ஜனவரி 2

இடுப்புக்குத் தைலம் போட்டுக்கொண்டேன். படுக்கை சரியில்லை, அதனால்தான் வலி.

ஒரு விஷயம். லேப்டாப்பில் நேற்று அளவு பார்க்க எடுத்த படங்களையும் மூடுபனிப் படங்களையும் பார்த்தேன். கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வரிசையாக எண் போடும். 4470 இருக்கிறது. அடுத்தது 4472. நடுவில் ஒன்று இல்லை. எண் தானாகத் தாண்டாது. எடுக்கப்பட்டு, யாராலோ நீக்கப்பட்டிருக்கிறது.

கேமராப் பை நேற்று எங்கே இருந்தது? ஜீப்பில். ஜீப்பில் யார்? போஜன். தேநீர் குடிக்க நாங்கள் உள்ளே போனபோது வெளியே தனியாக யார்? போஜன்.

நேராகவே கேட்டேன். “போஜன், என்ற படத்த எடுத்தீங்களா?”

அவர் முகம் சுண்டிப்போனது. “என்ன சார் கேக்கறீங்க? நான் வண்டி ஓட்டறவன். பையத் தொட்டது கெடையாது.”

“அப்ப படம் கால் மொளச்சுப் போயிருச்சா?”

அவர் ஒரு கணம் வசந்தாமணியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியாது சார்.”

வசந்தாமணிக்குக் கோபம் வந்துவிட்டது. “அவரச் சொல்லாதீங்க மாமா. அவரு தங்கமான மனுசன். சொல்லோணும்னா என்னையச் சொல்லுங்க.”

பாவம், இளகிய மனசு. ஊரார் பழியெல்லாம் தன் தலையில் போட்டுக்கொள்வாள். “நீ சும்மா இரு புள்ள” என்றேன். நாளைக்கு வேறு ஜீப் வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். போஜன் சாவியைச் சுழற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார். வசந்தாமணி ராத்திரி சாப்பிடவில்லை.

ஜனவரி 4

ஊர் வந்து சேர்ந்தோம். மலையில் கடைசி நாள் முழுக்க மழை. கீழே சுட்டெரிக்கிறது.

ஜனவரி 6

பென் டிரைவ் ஒன்று வாங்கி வரச்சொன்னாள் வசந்தாமணி. மருமகளுக்குப் பேத்தி படம் அனுப்பவாம். வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டானோ என்று இரண்டு முறை சோதித்தேன்.

ஜனவரி 12

போட்டிக்குப் படம் அனுப்பினேன். டிசம்பர் 30இல் எடுத்த ஒற்றை மரம். தெளிவாக இருக்கிறது. அதுதான் அதன் குறையும் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் வேறு என்ன செய்ய?

சங்கத்தில் நான் வாங்கியிருப்பது குடும்ப உறுப்பினர் அட்டை. வசந்தாமணி பெயரும் அதில் உண்டு. ஆண்டு விழாவில் இரண்டு சாப்பாடு கிடைக்கும் என்பதற்காகப் போட்டது. இத்தனை வருஷமும் அவளுக்கு அதனால் கிடைத்தது பந்திச் சாப்பாடு மட்டும்தான்.

ஜனவரி 20

சங்கத்தில் ஒரு வழக்கம். நடுவர் முடிவு சொல்லும் முன்பு எல்லாப் படங்களையும் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு வாட்ஸாப் குழுவில் விடுவார்கள். யாருடையது எது என்று ஊகித்துக்கொண்டு ஒரு வாரம் நிம்மதியில்லாமல் அலைய வேண்டும்.

என்னுடையது ஒன்பது. பதினேழைத்தான் ஆளாளுக்குத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். பார்த்தேன். வெள்ளைப் புல்வெளி, பாதி விலகின மூடுபனி, அதைக் கிழித்துக்கொண்டு வருகிற பொன் வெயில். நடுவில் ஓர் எருமை அசையாமல் நிற்கிறது. அதன் முன்னால் சின்னதாக ஓர் ஆள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலைக்கு மேலே துணியைச் சுழற்றிக்கொண்டு, ஒரு கால் தரையில் இல்லாமல் பறக்கிறான். நிழல் அவனைவிட ஆறு மடங்கு நீளம். சிரிப்பு வருகிறது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. நல்ல படம். மனசுக்குள் ஒத்துக்கொள்கிறேன்.

“அந்த ஆளப் பாத்தா யாரு மாதிரி இருக்குதுங்க மாமா?” என்று தோளுக்குப் பின்னாலிருந்து கேட்டாள் வசந்தாமணி.

“எவனோ ஒரு கிறுக்கன். டாக்டரு கூலி குடுத்து ஓட வுட்டிருப்பான். அவனுக்குத்தான் படத்துல ஆளு இல்லாட்டி தூக்கம் வராதே.”

“அப்படியா தெரியுது?” என்றாள். சிரித்தாள்போல இருந்தது.

ஜனவரி 21

பதினேழாம் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். வானத்தில், வலது மேல் மூலையில், வால் முளைத்த ஒரு கடுகு.

என் கடுகு! உலகத்தில் வேறு எந்தக் கேமராவிலும் அந்த வால் கிடையாது. டாக்டருக்கு அழிக்கத் தெரியும். அவசரத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டான்.

அப்புறம்தான் மற்றதும் உறைத்தது. உறைபனி. எருமை. துண்டு. அந்தக் கிறுக்கன் நான்.

கணக்கு இப்போது சரியாக விழுகிறது. நான் கீழே எருமையைத் துரத்துகிறேன். மேலே கேமரா தனியாக நிற்கிறது. அளவும் ஃபோகஸும் நான் வைத்தது. போஜன் வந்து பொத்தானை அமுக்குகிறார். அந்த 4471ஐ எடுத்து டாக்டருக்கு விற்றுவிடுகிறார். வசந்தாமணி அங்கேதான் நின்றாள். ஆனால் பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டிருந்திருப்பாள். இதையெல்லாம் கவனிக்கிற ஆளா அவள்?

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்” என்று வந்து நின்றாள்.

“கொஞ்சம் பொறு புள்ள. திருடன் மாட்டிக்கிட்டான்.”

“அதில்லீங்க, அந்தப் படத்தப் பத்தி…”

“சபையில வெச்சுப் பேசிக்கலாம். இப்பவே சொன்னா உசாராயிருவானுக. நீ ஒருத்தர்கிட்டயும் மூச்சு வுடாத.”

“சரிங்க. சபையிலேயே பேசிக்கலாம்” என்று அடுப்படிக்குப் போனாள். பாத்திரம் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தது.

ஜனவரி 26

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆண்டு விழா, கல்யாண மண்டபத்துச் சின்ன ஹால். டாக்டர் முன் வரிசையில் பளபளப்பாக உட்கார்ந்திருந்தார். வசந்தாமணி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சங்கச் சாப்பாட்டுக்குப் பட்டு எதற்கு என்று கேட்டேன். “ஆசையா இருந்துச்சு” என்றாள்.

செயலாளர் அசோகராஜா மைக்கில், “முதல் பரிசு, எண் பதினேழு” என்றார். கைதட்டல். கவரைப் பிரிக்கப் போனார். நான் எழுந்தேன்.

“நிறுத்துங்க! அந்தப் படம் என்ற கேமராவுல எடுத்தது. திருட்டுப் படம்!”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“ஆறுச்சாமிண்ணா, நெசமாவா சொல்றீங்க?” என்றார் அசோகராஜா.

“அசல் ஃபைலு, அந்த ரா ஃபைலத் தொறந்து பாருங்க. கேமரா நம்பரு உள்ள இருக்கும். வேணும்னா பில்லு காட்டறேன். வானத்துல என்ற கடுகு நிக்குது, எல்லாரும் பாருங்க!”

மேடைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். கடுகு நின்றது, வாலோடு. அசோகராஜா கம்ப்யூட்டரில் இருந்த நம்பரை என் பில்லோடு ஒத்துப் பார்த்துவிட்டு, “நம்பரு சரிதாங்கண்ணா. உங்க கேமராதான்” என்றார்.

டாக்டர் கிருபாகரன் எழுந்து கை கொடுக்க வந்தார். “கேமரா உங்களதுன்னா படமும் உங்களது மாதிரிதானுங்கண்ணா. பிரமாதமான படம்.” என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அசோகராஜா கவரைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். “அனுப்புன பேரப் படிக்கட்டுங்களா?”

“சத்தமாப் படிங்க. திருடன் பேரு ஊருக்கே தெரியட்டும்.”

அவர் படித்தார். “வசந்தாமணி ஆறுச்சாமி. குடும்ப உறுப்பினர்.”

பின் வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். பட்டுச் சேலை என்னைத் தாண்டிக்கொண்டு மேடைக்குப் போனது. என்னைத் தாண்டும்போது நிற்கவில்லை. மேடையில் கேடயத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். பிளாஸ்டிக் இல்லை, மரம். “ரெண்டு வார்த்த பேசுங்கம்மா” என்றார் அசோகராஜா.

மைக்கைப் பிடித்தாள். “எனக்குப் பேசத் தெரியாதுங்க. அவரு ஓடறதப் பாத்தனுங்க. முப்பத்திரண்டு வருசமா இப்படித்தான் எதையாச்சும் முடுக்கித் தொரத்திக்கிட்டே ஓடறாரு. ஒருக்காவாச்சும் அதப் புடிச்சு வெக்கோணும்னு தோணுச்சு, அமுக்கிப்போட்டனுங்க.”

சிரித்தார்கள். எல்லாரும். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. எழுதினால் என்ன, வெட்கம்தான்.

ஜனவரி 27

பேசவில்லை. அவளும் பேசவில்லை. ரசம் நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

ஜனவரி 29

காலையில் நானே ஆரம்பித்தேன். “எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல?”

“சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?”

யோசித்தேன். படத்தில் ஆள் வந்தால் அழித்துவிடுவது என் வழக்கம். அதிலும் அந்த ஆள் நான். அதிலும் அடுத்த நொடி நான் விழுந்தேன். ஆமாம், விழுந்தேன். எழுதி ஒழிகிறேன்.

“அழிச்சிருப்பேன்.”

“அதுக்குத்தான் லேப்டாப்புல ஏத்தறப்பவே தனியா எடுத்து வெச்சுக்கிட்டேன். அப்பறம் சொல்ல வந்தப்ப நீங்க கேக்குல.”

“பாவம் அந்த போஜனு…”

“அவருகிட்ட அடுத்த நாளே போன்ல மன்னிப்புக் கேட்டுட்டேன். நான் பொத்தான அமுக்கறத அவரு பாத்துட்டாரு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கறேன்னு அன்னிக்கே கேட்டுக்கிட்டேன். அதுக்கு அவரு வாங்கிக் கட்டிக்கிட்டாரு. நீங்க கேக்க வேண்டியது பாக்கி இருக்குது.”

கேட்டேன். போனில். “சார், பையத் தொட்டியான்னு என்னய இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல” என்றார். “தப்புத்தாங்க, தப்புத்தாங்க” என்று இரண்டு முறை சொன்னேன். “அடுத்த உறைபனிக்கு வாங்க சார்” என்று வைத்துவிட்டார். மனசு ஆறிச் சொன்னாரா, வாய்க்குச் சொன்னாரா, தெரியவில்லை.

சாயங்காலம் வசந்தாமணி காபியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கேமராவ விக்கறேன்னு சத்தியம் பண்ணுனீங்களே மாமா.”

“டாக்டரு ஜெயிச்சாத்தான்னு சொன்னேன்.”

“நீங்க ஜெயிக்குலியே.”

“அதுக்கு?”

“விக்கறதுன்னா வெளிய எதுக்கு? எனக்கே குடுத்துருங்க.”

மலை ஏறும்போது ‘நெசமாவேவா’ என்று கேட்டது இதற்குத்தான்! அப்போதே கணக்குப் போட்டிருக்கிறாள். எரிந்த காயிலை மோந்து பார்த்துச் சொல்கிறவனுக்குப் பக்கத்துத் தலையணையில் இருப்பது தெரியவில்லை.

பிப்ரவரி 9, எமரால்டு

மறுபடியும் உறைபனி. இந்தப் பருவத்தில் இதுதான் கடைசி என்கிறார் போஜன். என்னிடம் அளந்துதான் பேசுகிறார். அவளிடம் எந்த மேடு, எந்தப் பக்கம் வெயில் விழும் என்று கையை நீட்டி நீட்டிச் சொல்கிறார். நான் பின்னால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

கேமரா அவள் கையில். கடுகைச் சுத்தம் செய்து வாங்கலாம் என்றேன். “இருக்கட்டும், நம்ம படம்னு அடையாளத்துக்கு” என்கிறாள். பேட்டரி இரண்டும் என் பனியனுக்குள், வயிற்றோடு ஒட்டி ஜில்லென்று இருந்தன. இத்தனை வருஷம் அவள் எப்படித் தாங்கினாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மூடுபனி மெல்லக் கிழிந்தது. எதிர்க் கரையில் வெயில் ஒரு கீற்றாக இறங்கியது. அவள் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமலே சொன்னாள்.

“மாமா, எறங்கி ஓடுங்க.”

“எதுக்கு? எருமை எதுவும் இல்லியே.”

“சும்மா ஓடுங்க. துண்டச் சுத்திக்கிட்டு ஓடுங்க.”

போஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜீப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து ஏதோ பேசி வைத்திருக்கிறார்கள், சந்தேகமே இல்லை. பேட்டரிகளை அவர் கையில் கொடுத்துவிட்டுத் துண்டை உருவிக்கொண்டு ஓடினேன்.